லைன் கணக்கு யார் கையில் இருக்க வேண்டும்?

சரக்கு நிறைய இருந்தும் நொடித்துப்போன கடைகளை நாம் பார்த்திருக்கிறோம். கணக்கு சரியாக இருந்தும் நொடித்துப்போன கடை அரிதாகத்தான் கண்ணில் படும். வணிகத்தின் உயிர் கணக்கில் இருக்கிறது என்பதை நம் மூத்த வணிகர்கள் எவரும் மறுக்கமாட்டார்கள்.

கடைக்குள் நடக்கும் வியாபாரத்துக்கு இன்று ஓரளவு கணக்கு வந்துவிட்டது. பில் போடக் கம்ப்யூட்டர் இருக்கிறது. 2017 ஜூலை 1ஆம் தேதி ஜி.எஸ்.டி. வந்த நாள் முதல், வேண்டும் என்றாலும் வேண்டாம் என்றாலும் கணக்கு எழுதியே ஆகவேண்டிய நிலை. ஆனால் கடைக்கு வெளியே, லைனில் நடக்கும் வியாபாரத்தின் கதை வேறு. எந்தக் கடை எவ்வளவு ஆர்டர் கொடுத்தது, எவ்வளவு பாக்கி, என்ன சரக்கு திரும்பி வந்தது, எந்த ஸ்கீம் எந்தக் கடைக்குப் போய்ச் சேரவில்லை என்ற விவரமெல்லாம் லைன் போகும் சேல்ஸ்மேனின் கைபேசியிலும் சட்டைப் பையிலும் மனதிலும் இருக்கின்றன. முதலாளியிடம் இல்லை.

லைன் அறிக்கைகள் அனைத்தும் கடையின் பெயரில், ஒரே இடத்தில், உரியவர் உரிய அளவுக்குப் பார்க்கும்படி வைக்கப்பட வேண்டும். இதுவே இக்கட்டுரையில் நாம் வலியுறுத்த விரும்புவது. இது பெரிய கம்பெனிகளுக்கு மட்டும் உரிய வேலை என்று ஒதுக்கிவிட வேண்டாம். இரண்டு லைன் வைத்திருக்கும் மொத்த வியாபாரிக்கும், அவரிடம் சரக்கு வாங்கும் சிறிய மளிகைக் கடைக்காரருக்கும் இதில் லாப நஷ்டம் உண்டு.

இப்போது நடப்பது என்ன?

விருதுநகரில் ஒரு மொத்த மளிகை வியாபாரி இருக்கிறார் என்று வைத்துக் கொள்வோம். அருப்புக்கோட்டை, சாத்தூர், சிவகாசி, ராஜபாளையம், திருச்சுழி என்று 5 லைன்கள். லைனுக்கு 80 கடை என்றால் மொத்தம் 400 கடைகள். கடைக்குச் சராசரியாக ரூ.6,000 பாக்கி நின்றால் ரூ.24 லட்சம் வெளியில் நிற்கிறது. கடையில் இருக்கும் சரக்கைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக் கொள்கிறோம். வெளியில் நிற்கும் ரூ.24 லட்சத்துக்குச் சாவி எங்கே?

ஆர்டர் வாட்ஸ்அப்பில் வருகிறது. வசூல் ஒரு சிறு நோட்டில் எழுதப்படுகிறது. காசோலையின் படம் கைபேசியில் கிடக்கிறது. திரும்பி வந்த பிஸ்கட், காலாவதியான மசாலாப் பாக்கெட் ஆகியவற்றின் விவரம் ஒரு துண்டுச் சீட்டில் இருக்கிறது. விலைப்பட்டியலோ கைமாறிக் கைமாறி, எது புதியது எது பழையது என்று தெரியாமல் நால்வரிடம் நான்கு விதமாக இருக்கிறது. மாலையில் முதலாளி "சாத்தூர் லைனில் இரண்டு மாதத்துக்கு மேற்பட்ட பாக்கி எவ்வளவு?" என்று கேட்டால், "பார்த்துச் சொல்கிறேன் அண்ணாச்சி" என்பதே பதிலாக வருகிறது.

சேல்ஸ்மேன் வேலையில் இருக்கும் வரை வண்டி எப்படியோ ஓடிவிடும். அவர் விலகும் நாளில்தான் உண்மை தெரியும். கைபேசி அவருடையது, அதில் இருக்கும் எண்ணும் அவருடையது. நான்கு ஆண்டு லைன் விவரம் அவரோடு போய்விடுகிறது. புதிதாகப் போகிறவர் கடை கடையாக ஏறினால், "போன வாரமே அந்தத் தம்பி கையில் கொடுத்துவிட்டேனே" என்கிறார் கடைக்காரர். அவர் சொல்வது உண்மையாகவும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். உறுதி சொல்ல ஒரு காகிதம் கிடையாது. விட்டுக் கொடுத்தால் பணம் போகும். வற்புறுத்தினால் வாடிக்கை போகும். விலகிப்போன சேல்ஸ்மேன்மீது வீண் பழி விழுவதும் உண்டு.

முன்னோர் காட்டிய வழி

தூரத்தில் இருக்கும் ஆட்களை நம்பி வியாபாரம் நடத்துவது தமிழ் வணிகருக்குப் புதிது அல்ல. செட்டிநாட்டு நகரத்தார் பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் கிளை வைத்துத் தொழில் நடத்திய காலத்தில், முதலாளி ஊரில் இருப்பார். கடையை நடத்தியவர் ஏஜெண்டாகிய மேலாள். அவருக்குக் கீழே அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று வரிசை உண்டு. மேலாளின் தவணை பொதுவாக 3 ஆண்டுகள். தவணை முடிந்தால் அடுத்தவரிடம் கணக்கை ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்புவார். இடைப்பட்ட காலத்தில் கிளையின் கணக்கு விவரங்கள் ஒழுங்காகத் தலைமைக் கடைக்குக் கடிதத்தில் வந்துகொண்டிருக்கும்.

கப்பலில் கடிதம் வந்த அந்தக் காலத்தில், ஆட்கள் மாறிக்கொண்டே இருந்தும் தொழில் அறுபடாமல் நடந்தது எப்படி? மேலாள் மாறுவார், பேரேடு மாறாது. ஏடு கடைக்குச் சொந்தம் என்பதில் யாருக்கும் ஐயம் இருந்ததில்லை. சில நொடியில் செய்தி வந்து சேரும் இந்தக் காலத்தில், 30 கிலோமீட்டர் தூரத்து லைனின் கணக்கு நம் கையில் இல்லை என்றால் குறை கருவியில் இல்லை, ஒழுங்கில்தான் இருக்கிறது.

எந்தெந்த அறிக்கைகள்?

அறிக்கை என்றதும் கட்டுக்கட்டாகக் காகிதம் என்று அஞ்ச வேண்டாம். ஒரு லைனுக்கு ஆறு அறிக்கைகள் போதும்.

1. பாக்கிப் பட்டியல். கடை வாரியாக, பில் வாரியாக. மொத்தத் தொகை மட்டும் போதாது. 30 நாளுக்குள், 31 முதல் 60 வரை, 61 முதல் 90 வரை, 90க்கு மேல் என்று நாள் கணக்கில் பிரித்திருக்க வேண்டும். ரூ.10,000 பாக்கி 10 நாளில் இருந்தால் அது வியாபாரம். 120 நாளில் இருந்தால் அது கவலை.

2. தினசரி வசூல் தாள். ரொக்கம், காசோலை, யு.பி.ஐ. என்று தனித்தனியாக. யு.பி.ஐ. பணம் கடையின் கணக்குக்கே வரவேண்டும். சேல்ஸ்மேனின் சொந்த எண்ணுக்கு வரக்கூடாது.

3. ஆர்டரும் கொடுத்ததும். கேட்டது 10 பெட்டி, போனது 6 பெட்டி என்றால் மீதி 4 ஏன் போகவில்லை என்ற விவரம் இருக்க வேண்டும். இருப்பு இல்லையா, வண்டியில் இடம் இல்லையா, பாக்கிக்காக நிறுத்தப்பட்டதா?

4. திரும்பிய சரக்கு. உடைந்தது, காலாவதியானது, விற்காதது. தேதியும் பில் எண்ணும் கட்டாயம்.

5. ஸ்கீம் கணக்கு. கம்பெனி அறிவித்த சலுகை எந்தக் கடைக்கு எவ்வளவு போனது, கம்பெனியிடமிருந்து நமக்கு வரவேண்டியது எவ்வளவு.

6. விலைப்பட்டியல். எந்தத் தேதி முதல் செல்லும் என்பது முதல் வரியிலேயே இருக்க வேண்டும்.

இவற்றில் நான்காவதையும் ஆறாவதையும் பலரும் சிறிய விஷயமாக நினைக்கிறோம். திரும்பி வந்த சரக்குக்குக் கிரெடிட் நோட்டு போட்டு வரியைக் குறைத்துக் கொள்ள வேண்டுமானால், அந்த நிதியாண்டு முடிந்து வரும் நவம்பர் 30ஆம் தேதிக்குள், அல்லது ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்யும் நாளுக்குள், இவற்றில் எது முந்தியதோ அதற்குள் அது ரிட்டர்னில் வந்தாக வேண்டும். துண்டுச் சீட்டு சட்டைப் பையிலேயே கிடந்து துவைத்துப் போனால் சரக்கும் நஷ்டம், கட்டிய வரியும் நஷ்டம்.

விலைப்பட்டியலின் அருமை 2025 செப்டம்பரில் எல்லோருக்கும் தெரிந்தது. செப்டம்பர் 22 முதல் குளியல் சோப்பு, பற்பசை, தலைக்குத் தேய்க்கும் எண்ணெய், பிஸ்கட் போன்றவற்றின் வரி 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகவும், வெண்ணெய், நெய் ஆகியவற்றின் வரி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகவும் இறங்கியது. அப்படிப்பட்ட நாளில் ஒரே கடையிலிருந்து போகும் ஐந்து சேல்ஸ்மேன்களும் ஒரே பட்டியலை வைத்திருக்க வேண்டும். ஒருவர் பழைய விலையும் இன்னொருவர் புதிய விலையும் சொன்னால் கடைக்காரர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள எவ்வளவு நேரம் ஆகும்? பட்டியலை ஆளுக்கு ஆள் அனுப்பினால் பழையது அழியாது. ஒரே இடத்தில் ஒரே பட்டியலை வைத்து, பழையதை வேறு இடத்துக்கு நகர்த்திவிட்டால், பார்ப்பவர் எவருக்கும் புதியது மட்டுமே கிடைக்கும்.

அடுக்கி வைக்கும் முறை

கடையில் பருப்பு ஒரு பக்கம், எண்ணெய் ஒரு பக்கம், சோப்பு ஒரு பக்கம் என்று அடுக்குகிறோம். இருட்டில் கையை விட்டாலும் சரக்கு அகப்படும். அறிக்கைகளையும் அப்படித்தான் அடுக்க வேண்டும்.

முதலில் நிதியாண்டுக்கு ஒரு ஃபோல்டர். அதற்குள் லைனுக்கு ஒரு ஃபோல்டர். அதற்குள் மாதத்துக்கு ஒரு ஃபோல்டர். அதற்குள் மேலே சொன்ன அறிக்கைகள். எல்லா லைனுக்கும் பொதுவான விலைப்பட்டியலும் ஸ்கீம் அறிவிப்பும் 'பொது' என்ற தனி ஃபோல்டரில். இவ்வளவுதான் அமைப்பு. இதற்கு மேல் பிரித்தால் தேடுவது சிரமம். இதற்குக் கீழ் குறைத்தால் எல்லாம் ஒரே குவியல்.

ஃபைலுக்குப் பெயர் வைப்பதில் ஓர் ஒழுங்கு வேண்டும். ஆண்டு, மாதம், தேதி என்ற வரிசையில் எண்ணைப் போட்டு, பிறகு லைன் பெயர், பிறகு அறிக்கையின் பெயர். '2025-09-22 சாத்தூர் வசூல்' என்பது போல. இப்படி வைத்தால் கம்ப்யூட்டர் தானாகவே தேதி வரிசையில் அடுக்கிவிடும். 'புதுசு', 'கடைசி', 'கடைசி திருத்தியது' என்றெல்லாம் பெயர் வைத்தால் நான்கு மாதம் கழித்து வைத்தவருக்கே தெரியாது.

எங்கே வைப்பது? கூகுள் டிரைவில் ஒரு கணக்குக்கு 15 ஜி.பி. இடம் இலவசமாகக் கிடைக்கிறது. சிறு வியாபாரிக்கு அது தாராளம். டேலி போன்ற மென்பொருள் வைத்திருப்பவர்கள் பாக்கிப் பட்டியலை அதிலிருந்தே எக்ஸெல்லாகவோ பி.டி.எஃப். ஆகவோ எடுத்து அங்கே போட்டுவிடலாம். ஆனால் ஐந்து விஷயங்களில் கவனம் வேண்டும்.

ஒன்று, அந்தக் கணக்கு கடையின் பெயரில் தொடங்கப்பட வேண்டும். அதோடு இணைக்கும் கைபேசி எண் முதலாளியுடையதாக இருக்க வேண்டும். கம்ப்யூட்டர் தெரிந்த பையன் என்று அவருடைய சொந்த ஜிமெயிலில் எல்லாவற்றையும் வைக்கச் சொல்வது, கல்லாச் சாவியைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போவதற்குச் சமம்.

இரண்டு, தாள்களைக் கடையே உருவாக்க வேண்டும். கூகுள் டிரைவில் ஒரு ஃபைலை யார் உருவாக்குகிறாரோ அது அவருக்கே சொந்தம். நம் ஃபோல்டருக்குள் கிடந்தாலும் அப்படித்தான். ஆகவே மாதத் தொடக்கத்தில் கடைக் கணக்கிலிருந்து வெற்றுத் தாளை உருவாக்கி வைத்து, சேல்ஸ்மேன் அதில் நிரப்பும்படி செய்ய வேண்டும். கட்டணம் செலுத்திப் பெறும் நிறுவனச் சேவைகளில், ஃபைல்கள் நிறுவனத்துக்கே சொந்தமாகும்படியான பகிர்வு ஃபோல்டர்கள் உண்டு. ஆட்கள் அதிகம் உள்ளவர்கள் அதைப் பற்றி யோசிக்கலாம்.

மூன்று, மேல் ஃபோல்டரைப் பகிர்ந்தால் அதற்குள் இருக்கும் அத்தனையும் பொதுவாகத் திறந்துவிடும். சாத்தூர் சேல்ஸ்மேனுக்குச் சாத்தூர் ஃபோல்டரையும் பொது ஃபோல்டரையும் மட்டும் பகிர வேண்டும்.

நான்கு, 'இணைப்பு வைத்திருக்கும் எவரும் பார்க்கலாம்' என்ற முறையைத் தொடவே வேண்டாம். ஒரு வாட்ஸ்அப் குழுவில் அந்த இணைப்பு போனால் நம் பாக்கிப் பட்டியல் ஊர் முழுவதும் போகும். ஒவ்வொருவருடைய பெயருக்கும் தனித்தனியாகவே அனுமதி கொடுக்க வேண்டும். திருத்தும் அனுமதி பெற்றவர் மற்றவருக்கும் பகிரும் வழி இருக்கிறது; அதையும் அமைப்பில் நிறுத்தி வைக்கலாம்.

ஐந்து, அழித்த ஃபைல் 30 நாள் வரைதான் குப்பைத் தொட்டியில் இருக்கும். பிறகு தானாகவே போய்விடும். ஆகவே மாதத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் ஒரு பென் டிரைவிலோ ஹார்ட் டிஸ்கிலோ படி எடுத்து வீட்டில் வைப்பது நல்லது.

கம்ப்யூட்டர் பக்கமே போகாத வணிகர்கள் நம்மில் நிறையப் பேர் உண்டு. அவர்களும் இதைச் செய்யலாம். லைனுக்கு ஒரு நிறத்தில் பாக்ஸ் ஃபைல், பக்க எண் அச்சிட்ட கார்பன் நோட்டு, மாலையில் கார்பன் நகல் கடையில் சேரவேண்டும் என்ற விதி. கருவி எதுவானாலும் ஏடு கடையில் இருக்க வேண்டும் என்பதே கொள்கை.

யார் எதைப் பார்க்கலாம்?

"எல்லாவற்றையும் திறந்து காட்டினால் கடை இரகசியம் என்ன ஆவது?" என்று மூத்த வணிகர்கள் கேட்பது நியாயமே. கொள்முதல் விலை, நம் லாப விகிதம், கம்பெனியிடம் நாம் பேசியிருக்கும் தனிச் சலுகை ஆகியவை லைன் ஃபோல்டருக்குள் வரவே கூடாது. அவற்றுக்கு இடம் வேறு. பகிர்வது என்றால் அள்ளிக் கொடுப்பது என்று பொருள் அல்ல. வேலைக்கு வேண்டியதை வேண்டியவருக்குக் கொடுப்பதே பகிர்வு.

சேல்ஸ்மேன் தன் லைனின் வசூல் தாளையும் ஆர்டர் தாளையும் நிரப்பலாம். பாக்கிப் பட்டியலைப் பார்க்கலாம், திருத்தக்கூடாது. கணக்கு எழுதுபவர் பாக்கிப் பட்டியலைத் திருத்தலாம். கிடங்கில் இருப்பவர் எல்லா லைனின் ஆர்டரையும் பார்க்கலாம். பாக்கி விவரம் அவருக்குத் தேவை இல்லை. முதலாளி எல்லாவற்றையும் பார்க்கலாம். வசூலைப் பதிகிற கையும் பாக்கியைக் கழிக்கிற கையும் வெவ்வேறாக இருக்க வேண்டும். இந்த ஒரு விதியைக் காப்பாற்றினாலே பாதிச் சிக்கல் தீரும்.

கடைக்காரர்களின் பெயர், கைபேசி எண், பாக்கி விவரம் எல்லாம் அவர்கள் நம்மை நம்பிக் கொடுத்தவை. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் இயற்றப்பட்டுவிட்டது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். ஒரு கடைக்காரரின் பாக்கி பக்கத்துக் கடைக்காரருக்குத் தெரிவது வணிக மரபுக்கே இழுக்கு.

சேல்ஸ்மேன் தரப்பு நியாயம்

இதைச் சொன்னால் லைன் போகிறவர்களுக்கு ஓர் அச்சம் வரும். "விவரத்தை எல்லாம் வாங்கிக் கொண்டு நாளை நம்மை அனுப்பிவிடுவார்களோ" என்பதுதான் அது. அந்த அச்சத்தை அலட்சியம் செய்யக்கூடாது. வெயிலிலும் மழையிலும் கடை கடையாக ஏறி இறங்கி அந்த லைனை வளர்த்தவர் அவர். அவர் விவரங்களைத் தன் கையில் வைத்துக்கொள்வது பெரும்பாலும் திருட்டு எண்ணத்தால் அல்ல, வேலைக்கு ஒரு பிடிமானம் வேண்டும் என்பதால்தான்.

ஆகவே அறிக்கை கேட்கும் முதலாளி இரண்டு உறுதிகளைத் தரவேண்டும். ஊக்கத்தொகை அந்த அறிக்கையின்படியே கணக்கிடப்படும். சேல்ஸ்மேன் அதைத் தானே பார்த்துச் சரிபார்த்துக் கொள்ளலாம் என்பது முதல் உறுதி. அன்றன்று பதிந்து கடை ஏற்றுக்கொண்ட வசூலுக்கு அவர் பின்னால் பொறுப்பாளி அல்ல என்பது இரண்டாவது. "அந்தத் தம்பி கையில் கொடுத்தேனே" என்று ஒருவர் சொல்லும்போது, நேர்மையான சேல்ஸ்மேனைக் காப்பாற்றுவது அந்தத் தாள்தான். ஒழுங்கான கணக்கால் நல்லவருக்கு நஷ்டம் வராது.

வேலை வாங்கும் முறையிலும் நிதானம் வேண்டும். நாள் முழுவதும் சுற்றிவிட்டு இரவு 9 மணிக்கு வருபவரை ஒரு மணி நேரம் உட்கார்ந்து தட்டச்சு செய் என்றால், முதல் வாரம் செய்வார், இரண்டாம் வாரம் கதை எழுதுவார். பத்து நிமிடத்தில் முடியும்படி தாள் இருக்க வேண்டும். கேட்டு வாங்கிய அறிக்கையை முதலாளி படிக்கவும் வேண்டும். படிக்காத அறிக்கையை எழுத எவருக்கும் மனம் வராது.

ஆள் மாறும்போது ஒப்படைப்பு முறையாக நடக்கட்டும். பழையவரும் புதியவரும் சேர்ந்து ஒரு சுற்று லைன் போக வேண்டும். ஒவ்வொரு கடையிலும் பாக்கித் தொகையைச் சொல்லி, கடைக்காரரின் கையொப்பத்துடன் ஒப்புதல் சீட்டு வாங்க வேண்டும். அது ஃபோல்டரில் சேர்ந்த பிறகு பழையவரின் அனுமதியை நீக்கி, அவருக்குரிய பணத்தை உடனே கொடுத்து மரியாதையாக வழியனுப்ப வேண்டும்.

சில்லறைக் கடைக்காரர் கவனிக்க

இதுவரை சொன்னது மொத்த வியாபாரிக்கு மட்டும் என்று மளிகைக் கடை நடத்தும் அன்பர்கள் நினைக்க வேண்டாம். அங்கே ஒழுங்கு இல்லாததன் விலையை நாம்தான் இங்கே கொடுக்கிறோம். கொடுத்த பணத்தை மறுபடி கேட்பார்கள். திருப்பி அனுப்பிய சரக்கின் தொகை கழியாது. பத்து வாங்கினால் ஒன்று இலவசம் என்று கம்பெனி அறிவித்த ஸ்கீம் நம் கடைக்கு வந்து சேராது. கேட்டால், "பழைய ஆள் போய்விட்டார்" என்பார்கள்.

ஆகவே நாமும் கேட்டு வாங்கப் பழக வேண்டும். சரக்கு தரும் ஒவ்வொரு மொத்த வியாபாரியிடமும் மாதம் ஒருமுறை நம் கணக்கு விவரத் தாளைக் கேளுங்கள். பணம் கொடுக்கும்போது ரசீது இல்லாமல் கொடுக்காதீர்கள். திருப்பி அனுப்பும் சரக்குக்கு எண் போட்ட சீட்டு வாங்குங்கள். நம் கடையிலும் மொத்த வியாபாரிக்கு ஒரு ஃபைல் என்று வைத்து, பில், ரசீது, திரும்பிய சரக்குச் சீட்டு மூன்றையும் அதில் போடுங்கள். வரி வரவு எடுக்கும் கடைக்காரர், பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் சப்ளையருக்குப் பணம் செலுத்தாவிட்டால் எடுத்த வரவை வட்டியோடு திருப்ப வேண்டியிருக்கும். அதற்காகவேனும் பாக்கியின் வயதை அறிந்து வைத்திருக்க வேண்டும்.

சட்டம் சொல்வது

ஜி.எஸ்.டி. சட்டப்படி கணக்குகளையும் ஆவணங்களையும், அந்த ஆண்டுக்கான ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்யக் கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் வைத்திருக்க வேண்டும். ஆறு ஆண்டுகள் ஒரு சேல்ஸ்மேனின் கைபேசி தாங்குமா? ஆண்டுக்கு ஒரு ஃபோல்டர் என்று பிரித்து வைத்திருந்தால், அதிகாரி கேட்கும் நாளில் பதற்றம் இல்லை.

கடன் வசூலிலும் அப்படியே. 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி, விற்ற சரக்கின் பணத்துக்கு வழக்குத் தொடரப் பொதுவாக 3 ஆண்டுகளே கெடு. அந்தக் கெடு முடிவதற்குள் கடன்பட்டவர் எழுத்தில் கையொப்பமிட்டு ஒப்புக்கொண்டால், அன்று முதல் கெடு புதிதாகத் தொடங்கும். ஆண்டுக்கு ஒருமுறை வாங்கும் பாக்கி ஒப்புதல் சீட்டின் மதிப்பு அப்போதுதான் தெரியும்.

2024 ஜூலை 1 முதல் பழைய இந்தியச் சாட்சியச் சட்டத்தின் இடத்தில் பாரதிய சாட்சிய அதிநியம் நடைமுறைக்கு வந்திருக்கிறது. முறையாக எழுதிவரும் கணக்குப் புத்தகம் சாட்சியமாக ஏற்கப்படும். ஆனால் அது மட்டுமே ஒருவர்மீது கடனைச் சுமத்தப் போதாது என்பது புதிய சட்டத்திலும் தொடர்கிறது. ஆகவே பேரேட்டோடு கடைக்காரர் கையொப்பமிட்ட டெலிவரி சீட்டும் வேண்டும். கம்ப்யூட்டர் ஆவணங்களைக் கோர்ட்டில் தாக்கல் செய்ய அச்சட்டத்தின் 63ஆம் பிரிவின்படி சான்றிதழ் தேவை. தேவைப்படும்போது வக்கீலைக் கலந்து கொள்ளுங்கள். ஆனால் வக்கீலிடம் கொண்டுபோக நம்மிடம் ஏதாவது இருக்க வேண்டும் அல்லவா?

நம் விவரம் நம்மிடம் இருக்கட்டும்

பெரும் நிறுவனங்கள் சில்லறைச் சந்தைக்குள் நுழைவதை எதிர்த்து நாம் தொடர்ந்து குரல் கொடுத்து வருகிறோம். 2023இல் மெட்ரோ மொத்த விற்பனை அங்காடிகளின் இந்தியத் தொழிலை ரிலையன்ஸ் வாங்கியது நமக்குத் தெரியும். பெரிய கம்பெனிகள் கடைக்காரர் நேரடியாக ஆர்டர் போடும் செயலிகளைக் கொண்டு வந்திருப்பதும் தெரியும். அவர்களுடைய பலம் பணம் மட்டும்தானா? எந்தத் தெருவில் எந்தச் சோப்பு வாரத்துக்கு எத்தனை போகிறது என்ற விவரம் அவர்களிடம் ஒழுங்காக அடுக்கி இருக்கிறது. அந்தத் தெருவில் முப்பது ஆண்டு வியாபாரம் செய்யும் நம்மிடம் அதே விவரம் சிதறிக் கிடக்கிறது.

எந்தக் கடைக்கு எந்த நாளில் கூலி கைக்கு வரும் வாடிக்கை அதிகம், எந்த ஊரில் திருவிழாவுக்கு வெல்லம் கூடுதலாகப் போகும், எந்தக் கடைக்காரர் வாக்குக் கொடுத்தால் தவறமாட்டார் என்பதெல்லாம் எந்தச் செயலிக்கும் தெரியாது. நம் சேல்ஸ்மேனுக்குத் தெரியும். அந்த அறிவைக் கடையின் ஏட்டில் சேர்த்து வைத்தால் நமக்கு ஈடு இல்லை. சேர்க்காமல் விட்டால் அது ஒவ்வோர் ஆள் மாறும்போதும் கரைந்து போகும்.

இனி செய்ய வேண்டியது

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற முயன்றால் ஒன்றும் நடக்காது. முதல் மாதம் ஒரே ஒரு லைன், இரண்டே அறிக்கைகள்: பாக்கிப் பட்டியலும் தினசரி வசூலும். அது பழகிய பிறகு அடுத்த லைன், அடுத்த அறிக்கை. ஆயுத பூஜைக்கோ தீபாவளிக்கோ பிள்ளையார் சுழி போட்டுப் புதுக் கணக்குத் தொடங்குவது நம் வழக்கம். அந்த நல்ல நாளில் லைன் ஃபோல்டரையும் தொடங்கிவிடலாம்.

ஊர்ச் சங்கங்களுக்கு நாம் வைக்கும் வேண்டுகோள் ஒன்று உண்டு. மாதக் கூட்டத்தில் ஒரு மணி நேரத்தை இதற்கு ஒதுக்குங்கள். ஏற்கெனவே முறையாகச் செய்துவரும் உறுப்பினர் ஒருவரை அழைத்து, தம் தாள்களைக் காட்டி விளக்கச் சொல்லுங்கள். பாக்கி ஒப்புதல் சீட்டு, வசூல் தாள், திரும்பிய சரக்குச் சீட்டு ஆகிய மூன்றுக்கும் மாதிரி அச்சிட்டு உறுப்பினர்களுக்குக் கொடுங்கள். ஊர் முழுவதும் ஒரே மாதிரித் தாள் புழங்கினால் மொத்த வியாபாரிக்கும் சில்லறை வியாபாரிக்கும் இடையே வரும் வழக்குகளில் பெரும்பாலானவை சங்கத்துக்கு வராமலேயே தீர்ந்துவிடும்.

நம்பிக்கையின்மேல் நடப்பது நம் தொழில். கணக்குக் கேட்பது நம்பிக்கைக் குறைவு என்று சிலர் கருதுகிறார்கள். கணக்கு இருக்கும் இடத்தில்தான் நம்பிக்கை நீடிக்கும் என்பதே நம் அனுபவம். ஆகவே வணிக அன்பர்கள் இந்த மாதமே தொடங்க வேண்டும் என்று கேட்டுக் கொள்கிறோம்.